பழைய பிக்கப்பில் கியர் விழவில்லையா? கியர் பாக்ஸை இறக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெடலை அடிவரை மிதித்தும் முதல் கியர் விழ மறுக்கிறது. ரிவர்ஸ் போட்டால் கர்ர் என்று பல் உரசுகிறது. பழைய பிக்கப் வைத்திருக்கும் பலர் இந்த இடத்திலேயே "கிளட்ச் போச்சு" என்று தீர்ப்பு எழுதி, கியர் பாக்ஸை இறக்கச் சொல்லிவிடுகிறார்கள். புது பிளேட், புது பிரஷர் பிளேட், புது ரிலீஸ் பேரிங் எல்லாம் போட்டு வண்டியை எடுத்தால் அதே கர்ர். கோளாறு இருந்ததோ பெடலுக்கும், ஆயில் அழுத்தத்தால் கிளட்ச்சை விடுவிக்கும் கீழ் சிலிண்டருக்கும் நடுவில்.

முதலில் இரண்டு கோளாறுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. அது பெரும்பாலும் பிளேட் தேய்மானம். இன்ஜின் ஓடாதபோது கியர் சுலபமாக விழுந்து, ஓடும்போது விழவில்லை என்றால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. அப்போது சந்தேகம் ஹைட்ராலிக் பக்கம், அதாவது மிதியை ஆயில் அழுத்தமாகக் கடத்தும் பக்கம், போக வேண்டும்.

அடுத்த தவறு, கிளட்ச் ஆயில் டப்பாவில் ஆயில் (இதுவும் பிரேக் ஆயில்தான்) குறைந்திருப்பதைப் பார்த்து ஊற்றிவிட்டு மறந்துவிடுவது. பிரேக்கில் பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும், அது இயல்பு. கிளட்ச்சில் நடப்பது நேர் தலைகீழ். பிளேட் தேயும்போது, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்கள் பின்னோக்கி வந்து கீழ் சிலிண்டரின் பிஸ்டனை உள்ளே தள்ளும். அங்கிருக்கும் ஆயில் மேலே டப்பாவுக்குத்தான் திரும்பும். தானாக அட்ஜஸ்ட் ஆகிற மாதிரியான பெரும்பாலான வண்டிகளில் தேய்மானத்தால் மட்டம் சற்று ஏறலாமே தவிர, இறங்காது. இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, அவ்வளவுதான்.

எங்கே என்று தேடும்போது வண்டிக்கு அடியில் மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். பெடல் தள்ளும் மேல் சிலிண்டரான மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் போனால் ஆயில் கேபினுக்குள், பெடல் கம்பி வழியாக இறங்கும். மிதியடியைத் தூக்கி விரலால் தடவிப் பாருங்கள். அந்த இடத்தில் பெயின்ட் உப்பி உரிந்திருந்தால் ஒழுகல் பல நாளாக நடக்கிறது. கீழ் சிலிண்டர் வெளியே இருக்கும் வண்டி என்றால், பழைய டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி, அதன் ரப்பர் உறையை மெல்ல விலக்கிப் பார்க்கலாம். உள்ளே ஈரம் சொட்டினால் சிலிண்டர் போய்விட்டது. பழைய ஃபோர்ட் ரேஞ்சரில் இந்த வசதி கிடையாது. அதில் சிலிண்டர் கியர் பாக்ஸ் தண்டைச் சுற்றி, கிளட்ச்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். பெல் ஹவுசிங்கின் அடியில் பிரேக் ஆயில் கசிவதுதான் அடையாளம்.

எங்கும் ஒழுகல் இல்லை, ஆனால் மிதித்துப் பிடித்த பெடல் மெல்ல மெல்லக் கீழே போகிறதா? மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் ஆயிலைப் பின்னால் விடுகிறது. நாலைந்து தடவை வேகமாக மிதித்தால் மட்டும் கியர் விழுகிறது என்றால் ஆயிலுக்குள் காற்று இருக்கலாம், அல்லது இதே மாஸ்டர் சீலாக இருக்கலாம்.

சிலிண்டரையே முறைத்துப் பார்த்துக்கொண்டு பெடலை மறப்பதும் சகஜம். பெடல் புஷ் (பெடல் அசையும் இடத்து வளையம்) தேய்ந்து, கம்பியை மாட்டும் ஊசியின் துளை நீள்வட்டமாகியிருந்தால் மிதியின் ஒரு பங்கு அந்த ஆட்டத்திலேயே போய்விடும். 1980, 90களின் ஃபோர்ட் எஃப்-150 போன்ற வண்டிகளில் இன்னொரு பிரபலமான வியாதி உண்டு: மாஸ்டர் சிலிண்டர் பொருத்தியிருக்கும் ஃபயர்வால் தகடே (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருப்பது) விரிசல் விட்டு வளையும். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் பானெட்டைத் திறந்து சிலிண்டரைப் பார்க்க வேண்டும். சிலிண்டரே முன்னால் நகர்ந்தால் புது சிலிண்டர் வாங்கிப் பயனில்லை, தகட்டுக்கு வலுக் கொடுக்க வேண்டும்.

சிலிண்டர் வெளியே இருந்தால் இதையெல்லாம் ஒரே அளவில் தீர்த்துவிடலாம். இன்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, உதவிக்கு ஒருவரை மிதிக்கச் சொல்லி, கீழ் சிலிண்டரின் ராட் எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பொதுவாக அரை அங்குலத்தை ஒட்டி வரும். சரியான கணக்கு வண்டியின் மேனுவலில் இருக்கும். ராட் முழுதாக நகர்ந்தும் கியர் உரசினால், அப்போதுதான் கியர் பாக்ஸை இறக்கிப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது: ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் வளைந்தது, கியர் பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகியது, ரொம்ப நாள் நின்றதில் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டது.

அதிகம் சொதப்பப்படுவது ஏர் எடுக்கும் வேலை, அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. பெடலைத் தடதடவென்று அடித்தால் காற்று நுரையாகி ஆயிலோடு கலந்துவிடும், பிறகு அது லேசில் வெளியே வராது. மெதுவாக மிதித்துப் பிடிக்க வேண்டும், கீழ் சிலிண்டரில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறக்க வேண்டும், மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். "விடு" என்று கீழேயிருந்து குரல் வரும் முன் மேலே இருப்பவர் காலைத் தூக்கினால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போகும். டப்பா ஒரு தடவை வறண்டால் வேலை முழுதும் முதலிலிருந்து.

நிப்பிள் சிலிண்டரின் மேல் பக்கம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். கீழே பார்த்தபடி இருந்தால் காற்று மேலேயே தங்கிவிடும், எவ்வளவு ஆயில் ஊற்றினாலும் வீண். ரேஞ்சரில் மாஸ்டர் சிலிண்டர் சாய்வாக உட்காருவதால் அதன் மேல்முனையில் காற்று சிக்கும். அதைக் கழற்றிச் சாய்த்துப் பிடித்துக் காற்றை விரட்டாமல் மணிக்கணக்கில் மிதித்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. வெளிச் சிலிண்டர் என்றால் அதை அவிழ்த்து பிஸ்டனைக் கையால் மெல்ல உள்ளே தள்ளுங்கள்; காற்று மேலே டப்பாவில் குமிழியாக வரும். சிலிண்டர் அவிழ்ந்து தொங்கும்போது யாரும் பெடலைத் தொடக்கூடாது, பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும்.

ஆயில் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். கையில் கிடைத்தது என்று இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றினால் ரப்பர் சீல்கள் எல்லாம் ஊறிப் பருத்துவிடும். அப்புறம் இரண்டு சிலிண்டர்களும் ஹோஸும் மாற்ற வேண்டியதுதான். பெட்ரோல், மண்ணெண்ணெய் போட்டுக் கழுவுவதும் அதே கதிக்குத்தான் கொண்டுபோகும். டப்பா மூடியில் டாட் 3 (பிரேக் ஆயில் ரகம்) என்று போட்டிருந்தால் டாட் 3 அல்லது டாட் 4. டாட் 5 சிலிக்கான் வகை, அதைக் கலக்கக்கூடாது. ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம்தான் சிலிண்டர் சுவரை அரிக்கும். சுவரில் நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் சீல் கிட் மாற்றுவது தண்டச் செலவு. என் கருத்தில், வயதான வண்டியில் ஒரு சிலிண்டர் போனால் மற்றதையும் ஹோஸையும் சேர்த்தே மாற்றுவது நல்லது, குறிப்பாக கீழ் சிலிண்டர் உள்ளே இருக்கும் வண்டியில்.

கடைசியாக, கியர் விழவில்லை என்று மாஸ்டரின் புஷ் ராடை நீட்டி வைக்கும் பழக்கம். பெடலை மிதிக்கத் தொடங்கும் இடத்தில் சில மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தே ஆக வேண்டும். அதைச் சுத்தமாக எடுத்துவிட்டால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளை அடைபட்டுவிடும். இன்ஜின் சூட்டில் ஆயில் விரிந்து, பெடலை யாரும் தொடாமலேயே கிளட்ச்சை லேசாகத் தள்ளிப் பிடிக்கும். காலையில் நன்றாக ஓடிய வண்டி வெயிலில் மேட்டில் ஏறும்போது வழுக்குவது இப்படித்தான். அந்த ராடை அளவுக்குத் திருப்பி வைத்தால் பிளேட் எரியாமல் தப்பும்.