ஷிஷி-ஒதோஷி: தண்ணீரால் தாளம் போடும் மூங்கில்

கியோட்டோவில் ஷிசென்தோ என்றொரு பழைய இல்லம் இருக்கிறது. சாமுராயாக இருந்து கவிஞராக மாறிய இஷிகாவா ஜோஸான் 1641இல் கட்டியது. அதன் தோட்டத்தில் ஒரு மூங்கில் குழாய் மெல்ல நிரம்பி, சாய்ந்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்ப விழுந்து கல்லில் 'டொக்' என்று தட்டும். அப்புறம் நெடுநேரம் அமைதி. மான், பன்றியை வயலிலிருந்து விரட்டும் கருவிகளுக்கெல்லாம் ஷிஷி-ஒதோஷி என்பது பொதுப்பெயர். இந்த மூங்கிலுக்கு மட்டும் சோஸு என்று தனிப்பெயரும் உண்டு.

சரி, செய்யத் தொடங்கலாம்.

ஏறக்குறைய 7 செ.மீ விட்டமும் 65 செ.மீ நீளமும் உள்ள தடித்த மூங்கில் துண்டு வேண்டும். நடுப்பகுதியில் ஒரு கணு இருக்கட்டும். அதுதான் தண்ணீரைத் தாங்கும் அடிப்பாகம். கணுவிலிருந்து வாய்ப்பக்கம் (நீர் விழும் முனை; எதிர்முனை வால்) 28 செ.மீ விட்டு ரம்பத்தால் சாய்வாக அறுங்கள். அறுக்கும் இடத்தில் டேப் சுற்றிக்கொண்டால் மூங்கில் பிளக்காது. இந்த 28 செ.மீக்குள் இன்னொரு கணு வந்தால், இரும்புக் கம்பியால் உள்ளே குத்தி உடைத்துவிடுங்கள். வால்பக்கக் கணுக்களைத் தொடாதீர்கள்.

அடுத்தது அச்சு. முழு வேலையும் இதில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். கணுவுக்கு 2 செ.மீ பின்னால், அதாவது வால்பக்கம், துளை வர வேண்டும். முன்னால் போட்டால் தண்ணீர் அந்தத் துளை வழியாகவே ஒழுகிவிடும். துளையிடும் முன் அதே இடத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். வெறுமையாக இருக்கும்போது வால் தாழ வேண்டும். ஒரு டம்ளரால் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால், பாதிக்கு மேல் நிரம்பியதும் வாய் தாழ வேண்டும். தாழவில்லையா? வாலை ஒவ்வொரு சென்டிமீட்டராக வெட்டிக் குறையுங்கள். வால் கீழே வரவே இல்லையென்றால் வாய்ப்பக்கத்தைக் கொஞ்சம் செதுக்குங்கள். இரண்டும் சரியான பிறகு, சிறிய டிரில் பிட்டில் தொடங்கித் துளையைப் பெரிதாக்கி, துருப்பிடிக்காத கம்பியைச் செருகி, இரண்டு கம்பங்களுக்கு நடுவே பொருத்துங்கள். மூங்கில் கம்பியில் தடையின்றி ஆட வேண்டும்.

வால் விழும் இடத்தில் தட்டையான கெட்டிக் கல் வையுங்கள். வாலுக்குள் உள்ள வெற்றிடம்தான் ஒலிக்கு ஆழம் தருகிறது. கல்லைச் சற்று நகர்த்தி, காதுக்குப் பிடித்த ஒலி வரும்வரை கேளுங்கள்.

கடைசியாகத் தண்ணீர். மேலிருந்து நீர் கொண்டுவரும் மூங்கில் குழாய்க்குக் கக்கேய் என்று பெயர். வாய் உயர்ந்திருக்கும்போது நீர் நேராக உள்ளே விழ வேண்டும், தாழும்போது வாய் அந்தக் குழாயில் இடிக்கக் கூடாது. கீழே தொட்டியும் சிறிய பம்பும் இருந்தால் அதே நீர் சுழன்றுகொண்டிருக்கும். நீர்வரத்தை நிமிடத்துக்கு அரை லிட்டர் அளவுக்கு வால்வால் குறையுங்கள். ஒரு தட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையில் அரை நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். அவ்வளவு நேரம் காத்திருந்து கேட்டால்தான் அந்த 'டொக்' அழகாக இருக்கும்.

பம்பை நிறுத்தும் நாட்களில் மூங்கிலைக் கழற்றி நிழலில் வையுங்கள். வெயிலில் காய்ந்தால் வெடித்துவிடும்.