இளைப்பு முற்றி வருபவரிடம் செய்யக் கூடாத தவறுகள்

ஒவ்வொரு புது பேட்ச் ஹவுஸ் சர்ஜன்களும் நெஞ்சக நோய் வார்டில் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். எங்கள் பேட்ச்சும் இதற்கு விலக்கல்ல. இன்ஹேலரைக் குலுக்க மறப்பது, நெபுலைசர் மாஸ்க்கைக் கோணலாக மாட்டுவது எல்லாம் சிஸ்டர்களே திருத்திவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவருக்குத் திடீரென்று மூச்சிளைப்பு கூடும்போது நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது என்று யோசிக்காததால் வரும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எல்லோருக்கும் ஆன்டிபயாட்டிக்

இளைப்பு கூடினாலே கை தானாக ஆன்டிபயாட்டிக் எழுதிவிடுகிறது. 2011-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் நடந்த ஆய்வு இந்த இளைப்பை நான்கு வகையாகப் பிரித்தது: பாக்டீரியாவால் வருவது, வைரஸால் வருவது, இயோசினோபில் என்ற வெள்ளை அணுக்கள் கூடி வருவது, அழற்சியே பெரிதாகத் தென்படாதது. நோயாளியை வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அதனால் முதலில் சளியின் நிறம் மாறியதா என்று கேளுங்கள். வெள்ளையாக வந்துகொண்டிருந்தது பச்சையானால், கிருமியோடு போராடும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் கூட்டமாக இறங்கியிருக்கின்றன என்று அர்த்தம். அவற்றிலுள்ள மைலோபெராக்ஸிடேஸ் என்ற நொதியின் நிறம் அது. அப்போது பாக்டீரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். பேரனிடமிருந்து ஒட்டிக்கொண்ட ரைனோ வைரஸை (ஜலதோஷ வைரஸ்) ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. எடுத்த எடுப்பில் லெவோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதுவது நம் ஊரில் கூடுதல் வினை. அது காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடக்கிவைக்கும். ஆள் தேறினாற்போல் வீட்டுக்குப் போவார், டி.பி. இருப்பது தெரிய மாதங்கள் ஆகும்.

ஸ்டீராய்டை 2 வாரம் இழுப்பது

பிரெட்னிசலோன் 40 மி.கி., 5 நாள். 14 நாள் கொடுப்பதற்கு இது சளைத்ததில்லை என்று 2013-லேயே தெரிந்துவிட்டது.

ஆக்சிஜனை முழுசாகத் திறந்துவிடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. செங்கல் சூளையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரை வேறொரு மருத்துவமனையிலிருந்து இரவில் ஆம்புலன்ஸில் அனுப்பியிருந்தார்கள். முகத்தில் மாஸ்க், ஃப்ளோமீட்டர் 10 லிட்டரில், விரலில் மாட்டிய கருவியில் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்) 99. கூட வந்த கடிதத்தில் நிலைமை முன்னேறியிருப்பதாக எழுதியிருந்தது. மகன் முகத்தில் நிம்மதி. “ரெண்டு நாளா பொட்டுத் தூக்கம் இல்ல சார். இப்பதான் அசந்து தூங்குறாரு.”

அது தூக்கமில்லை, கார்பன்-டை-ஆக்சைடு ஏறிய மயக்கம். உள்ளங்கை சுட்டது, நாடி துள்ளியது, தட்டி எழுப்பிக் கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று அடித்தது. ஏ.பி.ஜி.யில் (தமனி ரத்தப் பரிசோதனை) கார்பன்-டை-ஆக்சைடு 96-க்கு எகிறியிருந்தது, பி.ஹெச். 7.19, அதாவது ரத்தம் அமிலமாகியிருந்தது. உடனே பை-பேப் (மாஸ்க் வழியாக மூச்சுக்கு உதவும் மெஷின்) போட்டோம். மறுநாள் மதியம்தான் அவருக்கு மகனையே அடையாளம் தெரிந்தது.

ஆக்சிஜன் கொடுத்து எப்படிக் கார்பன்-டை-ஆக்சைடு ஏறும்? ‘ஆக்சிஜன் குறைவுதான் இவர்களை மூச்சுவிடத் தூண்டுகிறது, அதைக் கொடுத்தால் மூச்சு நின்றுவிடும்’ என்று எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதன் பங்கு சிறியது. 1980-ல் வந்த ஓர் ஆய்வில், முழு ஆக்சிஜன் கொடுத்த பிறகும் நோயாளிகள் நிமிடத்துக்கு விட்ட மூச்சின் அளவு பழையதில் 93 சதவீதம் இருந்தது. ரத்தத்தில் கார்பன்-டை-ஆக்சைடின் அழுத்தமோ 23 மில்லிமீட்டர் (பாதரச அளவில்) ஏறியிருந்தது.

முக்கியக் காரணம் ரத்த ஓட்டம். சளி அடைத்துக் காற்று போகாத பகுதிகளில் ரத்தக் குழாய்கள் தாமாகவே சுருங்கிக்கொள்ளும். விளையாத வயலுக்கு மடையை அடைத்து, விளைகிற வயலுக்குத் தண்ணீரைத் திருப்புகிற மாதிரி. நீங்கள் ஆக்சிஜனைக் கொட்டியதும் அந்தக் குழாய்கள் திறந்துகொள்கின்றன. காற்றோட்டமே இல்லாத இடத்துக்குப் போன ரத்தம் கார்பன்-டை-ஆக்சைடை இறக்காமலே திரும்புகிறது. போதாததற்கு, ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்ட ஹீமோகுளோபின் தன்னிடமிருந்த கார்பன்-டை-ஆக்சைடையும் ரத்தத்தில் கழற்றிவிடுகிறது. இது எதுவும் விரலில் மாட்டிய கருவிக்குத் தெரியாது. 99-ஐக் காட்டிக்கொண்டே இருக்கும்.

சாச்சுரேஷன் இலக்கு 88 முதல் 92. ஆக்சிஜனை அளந்து கலந்து தரும் வென்சுரி மாஸ்க்கில் 24 அல்லது 28 சதவீதம், அது இல்லையென்றால் மூக்குக் குழாயில் 1, 2 லிட்டர். டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸிலேயே இப்படி அளந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. சி.ஓ.பி.டி. உறுதியானவர்களில், தாராளமாக ஆக்சிஜன் பெற்றவர்களில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள், அளந்து பெற்றவர்களில் 2 சதவீதம். இதற்குப் புது மருந்தோ புது மெஷினோ தேவைப்படவில்லை, குமிழைக் குறைவாகத் திருகினார்கள், அவ்வளவுதான்.

வென்சுரி வைத்துவிட்டு, நெபுலைசரை மட்டும் சுவர் ஆக்சிஜனில் 8 லிட்டருக்கு மாட்டுகிறவர்கள் உண்டு. காற்றில் ஓடும் நெபுலைசரைப் போடுங்கள், மூக்கில் சின்னக் குழாய் இருக்கட்டும். அப்புறம், மயக்கத்தைப் பார்த்துப் பதறி மாஸ்க்கைப் பிடுங்கிவிடாதீர்கள். உடம்பில் சேர்ந்த கார்பன்-டை-ஆக்சைடு மெதுவாகத்தான் வெளியேறும், ஆக்சிஜன் இருப்போ நிமிடங்களில் தீரும். சாச்சுரேஷன் ஆரம்பத்தில் இருந்ததைவிடக் கீழே விழும். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். இதையெல்லாம் கேட்டுப் பயந்து, சாச்சுரேஷன் 80-ல் கிடப்பவருக்கு ஆக்சிஜனே வைக்காமல் நிற்பவரையும் பார்த்திருக்கிறேன். அதுவும் ஆளைக் கொல்லும்.

தூக்கத்துக்கு ஊசி

கூடாது.

நெஞ்சில் விசில் சத்தம் கேட்டதும் வேறெதையும் தேடாமல் விடுவது

நுரையீரலில் ரத்தக்கட்டி, மாரடைப்பு, உடைந்த நுரையீரலிலிருந்து கசிந்த காற்று எல்லாமே இளைப்பு வேஷத்தில் வரும். இளைப்பு முற்றிய அடுத்த சில நாட்களில் மாரடைப்பு வரும் ஆபத்தே கூடுகிறது. ஈ.சி.ஜி.யும் எக்ஸ்-ரேயும் எடுக்காமல் இரவைக் கடத்தாதீர்கள்.

5-ஆம் நாளே குணமாகிவிட்டதாக நினைப்பது

ஊசி, மருந்து முடிந்தாலும் மூச்சுக்குழாய் அழற்சி அடங்கப் பல வாரம் ஆகும். லண்டனில் தொடர்ந்து கண்காணித்ததில், 35 நாள் கழித்தும் இந்தத் தாக்குதல்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு மூச்சை ஊதி வெளிவிடும் வேகம் பழைய நிலைக்கு வரவில்லை. எங்கள் வார்டுக்கு வரும் அம்மாக்கள் பலர் பீடியைத் தொட்டதே இல்லை, விறகடுப்புப் புகைதான். டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே அதே அடுப்பை ஊத உட்காருவார்கள். இந்த மாதம் வீட்டில் யார் சமைப்பது என்பதை, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதும்போதே மகனையும் மருமகளையும் நிறுத்திவைத்துக் கேட்டுவிடுங்கள்.