வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்குக் குழந்தையைத் தத்துக் கொடுக்க: நீலகிரிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கோத்தகிரியில் தங்கை, டொராண்டோவில் அண்ணன். தங்கையின் கணவர் இறந்துவிட்டார். குழந்தையை அண்ணன் தத்தெடுத்துக்கொள்ள இரு வீட்டாருக்கும் சம்மதம். இந்த நிலையில் பலரும் நேராகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்த் தத்துப் பத்திரம் பதிந்துவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி அந்தப் பத்திரம் இங்கே செல்லும். ஆனால் குழந்தை விமானம் ஏற வேண்டும். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993 ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா 2003இல் இணைந்தது. கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியாவும் அதில் உண்டு. குழந்தை போகிற நாடு முதலில் சம்மதிக்க வேண்டும், பிறகுதான் தத்து முடிய வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. பத்திரத்தை முடித்துவிட்டு மனுப் போட்டால், 'எங்களைக் கேட்காமல் தத்து நடந்திருக்கிறது' என்று கோப்பை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பத்திரம் போட்டவர்கள் ஆட்சியரின் சரிபார்ப்பு அறிக்கையோடு காராவை, அதாவது மத்திய தத்தெடுப்பு ஆணையத்தை அணுக 2021 விதித் திருத்தம் ஒரு வழி திறந்திருக்கிறது. ஆனாலும் இன்னும் பத்திரம் போடாதவர்கள் இளைஞர் நீதிச் சட்டத்தின் வழியிலேயே போவது நல்லது.

அந்த வழியில் யார் 'உறவினர்' என்பதைச் சட்டம் குறுக்கி வைத்திருக்கிறது. அப்பா அம்மாவின் உடன்பிறந்தவர்கள், இரு பக்கத் தாத்தா பாட்டிகள், அவ்வளவுதான். அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணனைக் குழந்தை எத்தனை ஆண்டு 'பெரியப்பா' என்று கூப்பிட்டிருந்தாலும் அவர் இதில் வரமாட்டார். இதை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

வேலை வெளிநாட்டில்தான் தொடங்கும். தத்தெடுப்பவர் தன் நாட்டில் காரா அங்கீகரித்த தத்தெடுப்பு முகமையையோ அந்நாட்டின் மத்திய அமைப்பையோ அணுகி, குடும்ப ஆய்வு அறிக்கை எழுதவைத்து, காராவின் 'கேரிங்ஸ்' இணையதளத்தில் பதிய வேண்டும். இரண்டுமே இல்லாத நாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்கள், வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் போன்றோர், அங்குள்ள இந்தியத் தூதரகத்தைக் கேட்க வேண்டும்.

நாட்டுக்கு நாடு பொறி வேறு. அமெரிக்காவில் முதலில் தத்தெடுப்பவருக்கான ஐ-800ஏ படிவம், அதன்பின் குழந்தைக்கான ஐ-800 படிவம். மனுதாரர் குடிமகனாக இருக்க வேண்டும், கிரீன் கார்டு போதாது. ஐ-800 போடும்போது குழந்தைக்கு 16 வயது நிறைந்திருக்கக் கூடாது. ஐ-800ஏ ஒப்புதல் 15 மாதம்தான் செல்லும் என்பதால், ஊட்டியில் ஒரு கோப்பு தூங்கினால் அங்கே நீட்டிப்புக்கு அலைய வேண்டிவரும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: பெற்றவர்கள் இருவரும் உயிரோடு இருந்தால், குழந்தையைச் சரியாகப் பராமரிக்க அவர்களால் இயலவில்லை என்று காட்டியாக வேண்டும். 'அண்ணனுக்குக் குழந்தை இல்லை, அதனால் கொடுக்கிறோம்' என்ற காரணம் நம் வீடுகளில் எவ்வளவு இயல்பானதாக இருந்தாலும் அங்கே நிற்காது. கனடாவில் மாகாணம்தான் முடிவு செய்கிறது. குடியேற்றத்துக்காகவே செய்த தத்து என்று தோன்றினால் மறுப்பார்கள். ஜெர்மனியில் 2021 ஏப்ரல் முதல் முகமை இல்லாமல் தனியாக வெளிநாட்டுத் தத்து செய்வதற்குத் தடை. நெதர்லாந்து 2024இல் புதிய மனுக்களையே நிறுத்திவிட்டது.

அங்கே அறிக்கை தயாராகும்போதே இங்கே ஆவணங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

குழந்தையின் பிறப்புச் சான்றில் பெயர் ஏறியிருக்கிறதா, பெற்றோர் பெயர் ஆதாரில் உள்ளதுபோலவே இருக்கிறதா என்று பாருங்கள். தேயிலைத் தோட்டத்தில் நடந்த பிறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிப்பது 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி தோட்டக் கண்காணிப்பாளரின் கடமை. பதிவே இல்லையென்றால் தோட்ட அலுவலகத்திலும் தோட்ட மருத்துவமனைப் பதிவேட்டிலும் தேடி, அந்தப் பக்கத்தின் நகலோடு கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவுக்கு மனுக் கொடுங்கள். நீலகிரியில் ஊட்டி, குன்னூர், கூடலூர் என மூன்று கோட்டங்கள். பிறந்த ஊர் எந்தக் கோட்டமோ அங்கேதான் போக வேண்டும்.

அடுத்து, அண்ணனும் தங்கையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கு ஆதாரம். குடும்ப மரம் வரைந்து கொடுத்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு காகிதம் வேண்டும். இருவரின் பிறப்புச் சான்றும் இருந்தால் முடிந்தது. எழுபதுகளில் தோட்ட லைன் வீடுகளில் பிறந்தவர்களுக்கு அது பெரும்பாலும் இருக்காது. அப்போது கைகொடுப்பது தாத்தா அல்லது பாட்டியின் வாரிசுச் சான்றிதழ்: எல்லாப் பிள்ளைகளின் பெயரும் ஒரே தாளில், தாசில்தார் கையெழுத்தோடு. கூடவே தகப்பன் பெயர் உள்ள பள்ளி மாற்றுச் சான்றிதழ். 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பமாக இருந்தால், தாயகம் திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டையைத் தேடி எடுங்கள். அந்தப் பழுப்பேறிய அட்டையில் உடன்பிறந்தவர்கள் வரிசையாக இருப்பார்கள். மடிப்பில் கிழிந்திருந்தால் ஒட்டுநாடா ஒட்டாமல் அப்படியே வண்ண நகல் எடுங்கள்.

பெயர் விஷயத்தில் கறாராக இருங்கள். நமக்கு முன்னெழுத்து போதும். வெளிநாட்டு விண்ணப்பத்துக்குக் குடும்பப் பெயர் வேண்டும். ஒரு ஆவணத்தில் 'கே. செல்வி', இன்னொன்றில் 'செல்வி கந்தசாமி', மூன்றாவதில் 'செல்வி கே' என்று இருந்தால் அங்குள்ள அதிகாரிக்கு அவர்கள் மூன்று பேர். மூன்றும் ஒருவரே என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் செய்து, ஆவண எண்களை அதிலேயே எழுதுங்கள். குழந்தையின் பெயருக்கு ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து, ஆட்சியர் ஆணை முதல் பாஸ்போர்ட் வரை அதையே கொண்டுபோங்கள். பெயரில் ஒரு பகுதி மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியாது) என்று அச்சாகி, அது பள்ளிச் சேர்க்கை வரை பின்தொடரும்.

ஊர்ப் பெயரும் இப்படித்தான். உதகமண்டலம், ஊட்டி, பழைய தாள்களில் ஊட்டகமண்ட் என மூன்றும் ஒரே ஊர் என்று ஒரு வரி சேருங்கள். கூடலூர்க்காரர்கள் 'நீலகிரி மாவட்டம்' என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். தேனி மாவட்டத்திலும் ஒரு கூடலூர் உண்டு, ஆங்கிலத்தில் கடலூரோடும் குழம்பும்.

நம் ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அந்நாடு அப்போஸ்டில் என்ற சான்று முத்திரை கேட்டால் மாநில அரசின் சான்றொப்பம் முதலில், வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை பிறகு. கனடா 2024 ஜனவரியில்தான் அந்த ஏற்பாட்டில் சேர்ந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட ஆலோசனைகளை நம்பித் தூதரகத்துக்கு அலையாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து குடும்ப ஆய்வு அறிக்கை காராவுக்கு வந்ததும் அது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். ஏன் கொடுக்கிறீர்கள், பணம் கைமாறியதா, குழந்தைக்குத் தெரியுமா என்று கேட்பார். ஐந்து வயது நிறைந்த குழந்தையின் சம்மதம் கட்டாயம், ஆகவே குழந்தையிடம் உண்மையை முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லிக்கொடுத்த பதிலை அவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். பெற்றோர் இருவரும் இல்லாமல் பாட்டியிடம் வளரும் குழந்தை என்றால் குழந்தைகள் நலக் குழுவின் அனுமதியும் வேண்டும்.

சமூகப் பணியாளரின் அறிக்கையும் குழந்தை போகிற நாட்டின் சம்மதக் கடிதமும் சேர்ந்த பிறகுதான் ஆட்சியரிடம் மனு. 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணை தருவது நீதிமன்றம் அல்ல, மாவட்ட ஆட்சியர். பழைய நினைப்பில் வழக்கறிஞருக்கு நீதிமன்றக் கட்டணம் கட்டாதீர்கள். இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விசாரணைக்கு வரும் உறவினர் மே மாதத்தைத் தவிர்த்தால் நல்லது, சீசன் நெரிசல் அதிகம். கோவை விமான நிலையத்தில் பிடிக்கும் வெளி மாவட்ட வண்டிக்கு இ-பாஸ் வேண்டுமா என்று முன்பே பார்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் வருபவர்கள் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியலாம் என்பதால் முதல் நாளே மலை ஏறிவிடட்டும்.

ஆணை கைக்கு வந்ததும் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். பிறகு காராவின் தடையில்லாச் சான்று, ஹேக் ஒப்பந்த நாடென்றால் ஒப்பந்த விதிப்படி தத்து நடந்தது என்ற இணக்கச் சான்று, வளர்ப்புப் பெற்றோர் பெயரில் பிறப்புச் சான்று, கோவை பாஸ்போர்ட் அலுவலகம், விசா. இடையில் எவராவது 'டெல்லியில் ஆள் இருக்கிறது' என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். குழந்தைக்காகப் பணம் கைமாறினால் அது இளைஞர் நீதிச் சட்டத்தின் 81ஆம் பிரிவின் கீழ் ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றமாகும்.

குழந்தை போய்ச் சேர்ந்த பின் இரண்டு ஆண்டுகளுக்குக் கண்காணிப்பு அறிக்கை உண்டு: முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒன்று, மொத்தம் ஆறு. அதை எழுதப்போவது யார் என்பதை அண்ணன் அங்குள்ள முகமையிடம் புறப்படும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.