பிள்ளைகளோடு மீன்பிடிக்கப் போகிறீர்களா? சன்ஃபிஷில் தொடங்குங்கள்

ஏப்ரலில் பனிக்கட்டி உருகியதிலிருந்து நவம்பர் வரை தெற்கு ஒன்ராறியோ ஏரிகளில் கரையில் நின்றே தூண்டில் போடலாம். ஸ்காபரோவிலிருந்தும் மார்க்கத்திலிருந்தும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் வெறுங்கையோடு திரும்பும் குடும்பங்களின் தூண்டிலைப் பார்த்தால், பத்தில் எட்டில் ஒரே பிழைதான் இருக்கும்: கொளுக்கி பெரிது, மிதவை பெரிது, புழுவும் பெரிது. காலுக்கடியில் நூறு மீன் நிற்கும். ஒன்றின் வாய்க்குள்ளும் அது போகாது.

முதல் வருடம் பாஸ், வோல்ஐ, பைக் போன்ற பெரிய மீன்கள் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். சன்ஃபிஷ், றொக் பாஸ் (பெயரில் பாஸ் இருந்தாலும் இது வேறு, சிறிய மீன்), யெல்லோ பெர்ச் போதும். இவை உள்ளங்கை அளவு மீன்கள். கரையோரம் கூட்டமாக நிற்கும், நல்ல வெயிலிலும் கடிக்கும், ஆறு வயதுப் பிள்ளையும் தனியே இழுத்தெடுக்கலாம். விடிய நாலு மணிக்கு எழும்பத் தேவையில்லை. மாலை ஐந்தரைக்குப் போய் எட்டு மணிக்குத் திரும்பலாம்.

லைசன்ஸ் யாருக்கு வேண்டும்

ஒன்ராறியோவில் வசிக்கும் 18 முதல் 64 வயது வரையானவர்களுக்கு மாகாண அரசு தரும் அவுட்டோர்ஸ் கார்டும் மீன்பிடி லைசன்ஸும் தேவை. கார்டு ஒருமுறை எடுத்தால் மூன்று நாட்காட்டி வருடங்களுக்குச் செல்லும். லைசன்ஸில் இரண்டு வகை: ஸ்போர்ட், கொன்சர்வேஷன். இரண்டாவது மலிவு, ஆனால் வைத்திருக்கக்கூடிய மீன் குறைவு. உதாரணமாகப் பல மீன்பிடி வலயங்களில் ஸ்போர்ட்டில் ஆறு பாஸ், கொன்சர்வேஷனில் இரண்டு. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மலிவானதே போதும். ஒரு நாள் லைசன்ஸும் உண்டு. அதற்குக் கார்டு வேண்டாம்.

18 வயதுக்குக் கீழும், 65 வயதும் அதற்கு மேலும் உள்ள கனடிய வதிவாளர்களுக்கு லைசன்ஸ் தேவையில்லை. பெயரும் பிறந்த திகதியும் உள்ள அரச அடையாள அட்டை கையில் இருந்தால் சரி. நம் வீடுகளில் தவறு நடக்கிற இடம் இதற்கு அடுத்தது. யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ கோடைக்கு வந்திருக்கும் அப்பப்பாவுக்கு எழுபது வயது என்றாலும் இந்தச் சலுகை இல்லை. அவர் தூண்டில் பிடிப்பதென்றால் வெளிநாட்டவர் லைசன்ஸ் எடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை, லைசன்ஸ் உள்ள ஒருவரோடு சேர்ந்து பிடிக்கலாம். அந்தப் பிள்ளை வைத்துக்கொள்ளும் மீன் அந்தப் பெரியவரின் கணக்கில் சேரும்.

அன்னையர் தின வார இறுதியிலும் தந்தையர் தின வார இறுதியிலும், யூலைத் தொடக்கத்தை ஒட்டிய குடும்ப மீன்பிடி வாரத்திலும் கனடிய வதிவாளர்கள் லைசன்ஸ் இல்லாமல் பிடிக்கலாம். அப்போது கொன்சர்வேஷன் அளவுகளே பொருந்தும். இது ஒத்துவருமா என்று பார்ப்பதற்கு ஏற்ற நாட்கள் இவைதான். நல்ல இடங்களில் நெரிசலையும் எதிர்பாருங்கள்.

ஒருவருக்கு ஒரு தூண்டில். பிள்ளையின் தடியையும் உங்கள் தடியையும் ஒரே நேரத்தில் நீங்களே பார்த்துக்கொண்டிருந்தால் அது இரண்டு தூண்டில். லைசன்ஸ் இல்லாத தாய் தகப்பன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள். எறிவதும் இழுப்பதும் பிள்ளையின் வேலை. எந்த மீனுக்கு எப்போது மூடிய காலம் (பிடிக்கக்கூடாத காலம்) என்பது வலயத்துக்கு வலயம் மாறும். மாகாணத்தில் 20 மீன்பிடி வலயங்கள் உள்ளன. சிம்கோ ஏரி 16, றைஸ் லேக்கும் ஸ்கூகொக் ஏரியும் 17, ஒன்ராறியோ ஏரி 20. பாஸ் பெரும்பாலான இடங்களில் ஜூன் பிற்பகுதியில்தான் திறக்கும். சிறு மீன்களுக்கும் மூடிய காலம் வைத்திருக்கும் வலயங்கள் உண்டு. ஆகவே போகும் ஏரியின் பெயரை வைத்து மாகாணத்தின் அந்த ஆண்டு மீன்பிடி விதிச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டே புறப்படுங்கள்.

சாமான்

பொம்மைப் படம் போட்ட இரண்டரை அடித் தடிகளை வாங்காதீர்கள். அவற்றில் சுற்றி வரும் தங்கூசி (தூண்டில் நூல்) தடிப்பானது, ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டே நிற்கும். எட்டு வயது வரை ஐந்தடித் தடியும் கட்டைவிரலால் அமுக்கும் பொத்தான் ரீலும் சரி. அதற்கு மேல் ஆறடி லைட் அல்லது மீடியம் லைட் தடி, 2000 அல்லது 2500 அளவு ஸ்பின்னிங் ரீல். இரண்டிலும் 6 இறாத்தல் பாரம் தாங்கும் தங்கூசி. வாங்க விருப்பமில்லையென்றால் டக்கிள்ஷெயர் திட்டத்தில் சேர்ந்த நூலகங்களிலும் மாகாணப் பூங்காக்களிலும் தடியும் ரீலும் இரவல் எடுக்கலாம்.

கொளுக்கி 8 அல்லது 10ஆம் இலக்கம், தண்டு நீளமான மெல்லிய கம்பி வகை. இலக்கம் கூடக் கூடக் கொளுக்கி சிறுக்கும் என்பதைக் கடையில் மறந்துவிடாதீர்கள். 2ஆம் இலக்கத்தை 'சிறியது' என்று எடுத்துவருகிறவர்கள் நிறைய. நீளத் தண்டு எதற்கென்றால், சன்ஃபிஷின் வாய் சுண்டுவிரல் நுனி போகிற அளவுதான். பிடித்துக் கழற்ற வெளியே ஏதாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குறட்டால் கொளுக்கியின் எதிர்முள்ளை நசுக்கிவிடுங்கள். சில மீன் தப்பும்தான். ஆனால் பிள்ளையின் விரலில் ஏறினாலும் வந்த வழியே வெளியே வரும்.

கட்டும் விதம்: தங்கூசியைக் கொளுக்கியின் கண்ணில் நுழைத்து, 10 சென்ரிமீற்றர் இழுத்து, தங்கூசி மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றுங்கள். நுனியைக் கண்ணுக்கு அருகே உள்ள முதல் வளையத்துக்குள் விட்டு, அப்போது உண்டாகும் பெரிய வளையத்துக்குள்ளும் விடுங்கள். எச்சில் தொட்டு ஈரமாக்கி மெதுவாக இறுக்குங்கள். காய்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் தங்கூசி பலமிழந்து, மீன் ஏறும் நேரம் பார்த்து முடிச்சிலேயே அறும்.

கொளுக்கிக்கு 15 முதல் 20 சென்ரிமீற்றர் மேலே ஒன்றிரண்டு சிறு குண்டுமணிகளை (நடுவில் பிளந்த பாரக் குண்டுகளை) கடித்துவையுங்கள், பல்லால் அல்ல, குறட்டால். ஈயத்துக்குப் பதில் தகரத்தில் செய்ததை வாங்குங்கள். ஈயக் குண்டை விழுங்கும் லூன் பறவை பிழைக்காது. தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக் குண்டு தடையே. மிதவை ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பாதிக்கு மேல் மிதவை தண்ணீருக்குள் அமிழும்வரை குண்டைக் கூட்டுங்கள். மிதவை பந்து போல மேலே நின்றால், புழுவை இழுக்கும் மீன் அந்தப் பாரத்தை உணர்ந்து துப்பிவிடும். நீங்கள் காண்பது ஒரு சிறு நடுக்கம் மட்டும்தான்.

ஆழம் வைப்பது சுலபம். முதலில் கூடுதலாக வைத்து எறியுங்கள். மிதவை சரிந்து படுத்தால் குண்டு தரையில் கிடக்கிறது என்று பொருள். அது நிமிரும்வரை ஆழத்தைக் குறைத்து, பிறகு இன்னும் ஒரு சாண் குறையுங்கள். புழு தரைக்கும் பாசிக்கும் சற்று மேலே தொங்க வேண்டும்.

புழுவும் எறிகிற இடமும்

மண்புழு ஒரு டசின் போதும், மூன்று பிள்ளைகளுக்கும் காணும். முழுப் புழுவையும் கொளுவினால் தொங்கும் வாலை மீன் கொறித்துக்கொண்டு போய்விடும். பிள்ளை வெறும் கொளுக்கியோடு அரை மணி நேரம் காத்திருக்கும். இரண்டு சென்ரிமீற்றர் துண்டாக நறுக்கி, கொளுக்கியின் வளைவில் உடை மாட்டுவது போல ஏற்றுங்கள். நுனி சற்றே வெளியே தெரியட்டும். புழுப் பெட்டியைக் கூலரில் வையுங்கள், ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள்.

மிஞ்சிய புழுவையும் மண்ணையும் மரத்தடியில் கொட்டுவது நல்ல மனதோடு செய்யும் தவறு. இங்குள்ள மண்புழுக்களில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வந்தவை. காட்டுத் தரையின் இலைச் சருகைத் தின்று தீர்ப்பவை. குப்பைத் தொட்டியில் போடுங்கள். இரைமீன் (தூண்டிலில் கொளுவும் சிறு மீன்) வாங்கினால் விதி இன்னும் இறுக்கம்: மாகாணம் இரைக்கென்று வகுத்த ஒரு வலயத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகக்கூடாது, வாளித் தண்ணீரை நீர்நிலைக்கு 30 மீற்றருக்குள் ஊற்றக்கூடாது. பிள்ளைகளோடு போகும்போது இரைமீனே வேண்டாம்.

முதல் முறைக்கு வோஷ்ரூமும் நிழலும் உள்ள இடமாகப் பாருங்கள். போர்ட் பெரியின் கரையோரப் பூங்கா, சிம்கோ ஏரியில் சிபல்ட் பொயின்ற், பிரம்ப்டனில் ஹார்ட் லேக், நகரத்துக்குள் ரொறன்ரோ தீவுகள் எல்லாம் ஒத்துவரும். சேர்ந்ததும் தூரமாக எறியத் துடிக்காதீர்கள். மேடையின் நிழல், பாசி முடியும் ஓரம், விழுந்து கிடக்கும் மரம் ஆகியவற்றில்தான் மீன் நிற்கும். பல நேரம் காலடியிலிருந்து மூன்று மீற்றருக்குள். காற்று முதுகில் படும் கரையைத் தேர்ந்தால் மிதவை தெளிவாகத் தெரியும், எறிவதும் சுலபம். பத்து நிமிடம் கடி இல்லையென்றால் இருபது அடி தள்ளிப் போங்கள். மே கடைசி, ஜூனில் ஆழமில்லாத மணலில் தட்டுப் போன்ற வட்டக் குழிகள் தெரியும். அவை சன்ஃபிஷின் கூடுகள். ஆண் மீன் காவல் நிற்கும். புழுவைப் போட்ட உடனே கடிக்கும் என்பதால் ஆசை வரும். அதை எடுத்தால் நிமிடத்தில் மற்ற மீன்கள் முட்டையைத் தின்றுவிடும். விட்டுவிடுங்கள்.

மிதவை அமிழ்ந்ததும் பிள்ளைகள் தடியைத் தலைக்கு மேல் வீசி அடிப்பார்கள். மீன் பறந்து பின்னால் நிற்பவரின் முகத்தில் விழும். 'தடியை மெல்லத் தூக்கு, பிறகு சுற்று' என்று வெறும் மிதவையோடு வீட்டு முற்றத்திலேயே பழக்குங்கள். எல்லோருக்கும் கண்ணாடி, சாதாரண வெயில் கண்ணாடி என்றாலும் சரி. இரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர். அந்தப் பெரியவர் தானும் சேர்ந்து தூண்டில் போடக்கூடாது. மேடையில் நிற்கும் சின்னவர்களுக்கு எடைக்கேற்ற லைஃப் ஜக்கற் கட்டாயம், கால்களுக்கிடையே பட்டி உள்ளதாக. மே மாதத்தில் வெயில் 25 பாகை காட்டினாலும் ஏரித் தண்ணீர் மூச்சைப் பிடிக்கும் குளிர். நீளக் காற்சட்டை போடுங்கள். வீடு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் உண்ணி பாருங்கள். ஸ்காபரோவை ஒட்டிய ரூஜ் பள்ளத்தாக்கில், லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி உண்டு.

மீனைப் பிடிக்க முன் கையை நனையுங்கள். தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் முதுகு முட்கள் படிந்துவிடும். தண்டைக் குறட்டால் பிடித்து ஏறிய திசைக்கு எதிரே தள்ளினால் கழன்றுவிடும். ஆழமாக விழுங்கியிருந்தால் தோண்டாமல் தங்கூசியை வாயருகே வெட்டிவிடுங்கள். மீசை வைத்த புல்ஹெட் வந்தால் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். முதுகிலும் இரு பக்கமும் உள்ள முட்கள் பூட்டிக்கொண்டு குத்தும்.

வீட்டுக்குக் கொண்டுபோவது

தின்னப்போகும் மீனை உடனே கொன்று ஐஸில் வையுங்கள். வெந்நீரான வாளியில் மெல்லச் செத்த மீன் சட்டியில் சேற்று மணம் வீசும். வழியில் அதிகாரி மறித்தால் என்ன இனம், எத்தனை என்று பார்த்ததும் தெரிய வேண்டும். அதனால் குடல் மட்டும் எடுத்து முழு மீனாகவே கொண்டுவாருங்கள். உறைபெட்டியில் போன வாரம் வைத்ததும் நீங்கள் வைத்திருக்கக்கூடிய அளவில் அடங்கும்.

மாகாணம் வெளியிடும் மீன் உண்ணும் வழிகாட்டியில் ஏரி, இனம், நீளம் வாரியாக மாதம் எத்தனை வேளை என்று போட்டிருக்கும். பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் தனி வரிசை. அந்த அளவுகள் தோல் உரித்த, முள் இல்லாத முதுகுச் சதைக்குப் போட்டவை. நாமோ தலையோடு குழம்பு வைக்கிறவர்கள். தோலிலும் கொழுப்பிலும் சேரும் பிசிபி போன்ற தொழிற்சாலை நச்சுகள் சட்டிக்குள் இறங்கிவிடும். பாதரசம் சதையிலேயே இருப்பதால் தோல் உரித்தும் போகாது. இளம் சிறு மீனில் இரண்டும் குறைவு. சன்ஃபிஷில் தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தலையையும் குடலையும் நீக்கி, செதில் சுரண்டி, இரு பக்கமும் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் முள் வரை கீறுங்கள். தேசிக்காய்ப் புளியில் பத்து நிமிடம் ஊறினால் மண் வாடை குறையும். பிறகு மஞ்சள், மிளகாய்த்தூள், உப்புப் பிரட்டி நன்றாகக் காய்ந்த எண்ணெயில் பொரியுங்கள். கீறல் நெருக்கமாக இருந்தால் சின்ன முட்கள் மொறுமொறுத்துவிடும். இருந்தாலும் விலா முள்ளைச் சின்னப் பிள்ளைகளுக்கு நீங்களே எடுத்துக் கொடுங்கள்.