பஸ்ஸில் போய் மலைக்காட்டில் நடப்பது எப்படி: கடைசி பஸ்ஸிலிருந்து தொடங்கும் திட்டம்

மலைக்காட்டுப் பாதைகளில் நடக்கச் சொந்த வண்டி வேண்டும் என்று பலர் தயங்குகிறார்கள். வேண்டியதில்லை. நடப்பவருக்கு பஸ்தான் நல்லது என்பேன். வண்டியை நிறுத்திய இடத்துக்கே திரும்பியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு பக்கம் ஏறி, முகட்டைக் கடந்து, மறுபக்கம் வேறொரு ஊரில் இறங்கலாம். இதற்கு ஒரே நிபந்தனை, திட்டத்தைத் திரும்பும் பஸ்ஸிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பது கடைசியில் வரும் கேள்வி.

தண்ணீர், காலணி, உடற்பயிற்சி பற்றி எழுதப் போவதில்லை. அவை எங்கும் கிடைக்கும். பஸ்ஸையும் பாதையையும் இணைப்பதுதான் இங்கே விஷயம்.

படி 1: இரண்டு நிறுத்தங்களைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் அந்தக் காட்டுக்குள் நடக்க அனுமதி உண்டா என்று வனத்துறையிடம் கேளுங்கள். முன்பதிவோ வழிகாட்டியோ கட்டாயம் என்றால் அதை முடித்த பிறகே மற்ற வேலை. தீப்பருவத்தில் பாதைகளை மூடும் வழக்கம் பல காடுகளில் உண்டு.

பிறகு வரைபடத்தைத் திறந்து, பாதையின் இரு முனைகளிலும் பஸ் போகும் சாலை இருக்கிறதா என்று பாருங்கள். 2004-இல் தொடங்கப்பட்ட ஓபன்ஸ்ட்ரீட்மேப் இதற்கு ஏற்றது. தன்னார்வலர்கள் வரையும் வரைபடம் என்பதால், சாதாரண சாலை வரைபடங்களில் இல்லாத ஒற்றையடிப் பாதைகள் இதில் இருக்கும். ஆனால் வரைபடத்தில் கோடு இருந்தால் தரையில் பாதை இருந்தே தீரும் என்று நம்பிவிடாதீர்கள். ஒரு பருவமழையில் புதர் மண்டிவிடும்.

சம உயரக் கோடுகளையும், அதாவது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகளையும் பாருங்கள். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் மென்சரிவு. அவை கூராக வளைந்து, அந்தக் கூர்முனை மேட்டை நோக்கியிருந்தால் அங்கே ஓடைப் பள்ளம் இருக்கிறது. முந்தின நாள் மழை பெய்திருந்தால் அந்த இடத்தைக் கடப்பதுதான் கடினமாக இருக்கும்.

இரண்டு முனைகளில் எதில் தொடங்குவது? இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. பஸ் அரிதாக வரும் முனையில் தொடங்குங்கள், பஸ் அடிக்கடி வரும் முனையில் முடியுங்கள். காலையில் ஒரே ஒரு பஸ் என்றாலும் அதைப் பிடிப்பது உங்கள் கையில் இருக்கிறது. மாலையில் எத்தனை மணிக்குக் காட்டை விட்டு வெளியே வருவீர்கள் என்பது அப்படியில்லை.

படி 2: திரும்பும் பஸ்ஸை உறுதி செய்யுங்கள்

என்னை அதிகம் திணறடித்த படி இதுதான். புதிதாக வருபவர்கள் சிக்கிக்கொள்வதும் இங்கேதான். ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

கால அட்டவணையில் இருப்பது பெரும்பாலும் பஸ் முனையத்திலிருந்து கிளம்பும் நேரம். நீங்கள் நிற்கப்போவது நடுவழி நிறுத்தம். மேலிருந்து இறங்கும் பஸ்ஸுக்குரிய பத்தியைப் பார்க்கிறோமா, கீழிருந்து ஏறும் பஸ்ஸுக்குரியதைப் பார்க்கிறோமா என்பதை விரல் வைத்துச் சரிபாருங்கள்.

அடுத்தது இரவுத் தங்கல். மலையூர்களுக்குப் போகும் கடைசி பஸ் பல இடங்களில் அன்றிரவே திரும்புவதில்லை. மேலேயே நின்று, மறுநாள் விடிகாலையில் முதல் பஸ்ஸாக இறங்கும். மாலை ஆறு மணிக்கு ஒரு பஸ் மேலே போவதைப் பார்த்துவிட்டு, அதுவே திரும்பி வரும் என்று காத்திருந்தால் இரவு முழுவதும் காத்திருக்க வேண்டியதுதான்.

சில டிரிப்கள் பள்ளி நாட்களில் மட்டும் ஓடும். சில டிரிப்கள் கிளைச் சாலையில் உள்ளே போய்த் திரும்புவதால் உங்கள் நிறுத்தத்தைத் தொடாமலே போய்விடும். நாம் நடக்கப் போவதோ பெரும்பாலும் விடுமுறை நாளில்.

இதற்கெல்லாம் தீர்வு, நடத்துநரிடம் சரியான கேள்வியைக் கேட்பது. "கடைசி பஸ் எப்போது?" என்று கேட்டால், மேலே வரும் கடைசி பஸ்ஸின் நேரத்தைச் சொல்லிவிடுவார். அவர் மேல் தவறில்லை. "மேலேயிருந்து கீழே போகும் கடைசி பஸ் இந்த நிறுத்தத்தை எத்தனை மணிக்குத் தாண்டும்? இன்றைக்கு அது ஓடுகிறதா?" என்று கேளுங்கள். இறங்கும் முனை வேறொரு தடத்தில் இருந்தால், முந்தின நாளே அந்தத் தடத்துப் பணிமனையிலோ நேரக்காப்பாளரிடமோ கேட்டுவிடுங்கள். அட்டவணைப் பலகை கண்ணில் பட்டால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக் கிடைத்த பஸ் நேரங்களில் கடைசி பஸ்ஸை மறந்துவிடுங்கள். அதற்கு முந்தைய பஸ்தான் உங்களுடையது. கடைசி பஸ், கால் பிசகினாலோ வழி தவறினாலோ கைகொடுக்க வைத்திருக்கும் காப்பு.

படி 3: நேரக் கணக்கு

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு சூத்திரம் தந்தார். மெட்ரிக் அளவில் அது இப்படி வரும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 12 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் 2 மணி 24 நிமிடத்துடன் 1 மணி சேர்த்து 3 மணி 24 நிமிடம்.

இது உடல்தகுதியுள்ளவர் ஓய்வே இல்லாமல் நடக்கும் கணக்கு. வேரும் சருகும் நிறைந்த காட்டுப் பாதையில் புதியவர்கள் இதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் அனுபவம். அப்படியானால் 5 மணி நேரத்துக்குச் சற்று மேல். இறக்கம் வேகமாக முடிந்துவிடும் என்ற கணக்கும் வேண்டாம். பிற்பாடு எரிக் லாங்மியூர் என்ற மலையேறி இந்தச் சூத்திரத்தில் செய்த திருத்தத்தின்படி, 12 பாகைக்கு மேல் செங்குத்தான சரிவில் இறங்கும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 10 நிமிடம் கூட்ட வேண்டும்.

இப்போது பின்னோக்கி வாருங்கள். கடைசி பஸ் 5:30, அதற்கு முந்தையது 4:00 என்று வைத்துக்கொள்வோம். நிறுத்தத்தில் 3:30-க்கு இருக்க வேண்டும், ஏனென்றால் கூட்டமில்லாத நாளில் பஸ் முன்னதாகவே கடந்துபோவதும் உண்டு. ஆக, 10:15-க்குள் நடக்கத் தொடங்கியாக வேண்டும். 9:30-க்கு இறக்கிவிடும் பஸ் இருந்தால் அதில் போங்கள். 10:30-க்குத்தான் பஸ் என்றால் பாதையைச் சுருக்குங்கள், நடையின் வேகத்தை நம்பாதீர்கள்.

முகட்டை எத்தனை மணிக்குள் தொட வேண்டும் என்பதையும் எழுதி வையுங்கள். அந்த நேரம் தாண்டிவிட்டால், காட்சி இன்னும் பத்து நிமிடத் தொலைவில் இருந்தாலும், ஏறிய வழியே திரும்புங்கள். அதற்காகத் தொடக்க முனையின் கடைசி பஸ் நேரமும் கையில் இருக்க வேண்டும்.

படி 4: போன்

ஜிபிஎஸ் வேலை செய்ய சிக்னல் கோபுரம் தேவையில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் குறிகைகளை போன் வாங்க மட்டுமே செய்கிறது. ஆனால் இணையம் இல்லாதபோது முதன்முறை இருப்பிடத்தைப் பிடிக்க அதிக நேரமாகும், அடர்ந்த மரக்கூரையின் கீழ் இன்னும் தாமதமாகும். எனவே பஸ்ஸை விட்டு இறங்கியதும், வானம் தெரியும் இடத்தில் நின்று, நீலப் புள்ளி உங்கள் நிறுத்தத்தின் மேல் வந்து நிற்கும் வரை காத்திருங்கள். அதன் பிறகு விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். கோபுரத்தைத் தேடித் தேடியே பேட்டரி கரைவது நிற்கும், ஜிபிஎஸ் பெரும்பாலான போன்களில் தொடர்ந்து இயங்கும்.

செயலிகளில் எனக்குப் பிடித்தது ஆர்கானிக் மேப்ஸ். இலவசம், விளம்பரம் இல்லை, தரவிறக்கிய பின் இணையமே கேட்காது. ஆஸ்மாண்ட் இன்னும் நிறையச் செய்யும், ஆனால் அதன் அமைப்புகளைப் பழகவே ஒரு வாரம் போகும். தொடக்கத்தில் வேண்டாம். எந்தச் செயலியாக இருந்தாலும், பாதையின் படம் ஒன்றைக் காகிதத்தில் அச்சிட்டு, அதன் ஓரத்தில் பஸ் நேரங்களை எழுதி எடுத்துப் போங்கள்.

படி 5: பையில் மூன்று பொருள்

நெற்றி விளக்கு. பகலிலேயே திரும்பிவிடுவதாக இருந்தாலும் வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் மறைந்த பின் பயன்படும் வெளிச்சம் ஏறக்குறைய 20 நிமிடம்தான், அதுவும் திறந்தவெளியில். மரக்கூரையின் கீழ் அதற்கு முன்பே வேர் எது, கல் எது என்று தெரியாமல் போய்விடும். கையில் பிடிக்கும் டார்ச்சை நான் பரிந்துரைப்பதில்லை. இறக்கத்தில் இரண்டு கைகளும் தேவைப்படும்.

ஊதல். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது மலைகளில் வழங்கும் அபாய அறிவிப்பு.

மாற்றுக் காலணியும் ஒரு பெரிய பையும். சேற்றுக் காலணியைப் பைக்குள் போட்டுக் கட்டிவிட்டு பஸ்ஸில் ஏறுங்கள். பக்கத்து இருக்கைக்காரருக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை அது.

பின்சேர்க்கை

பஸ் நிற்காமல் போய்விட்டது என்று சிலர் எழுதியிருந்தார்கள். விசாரித்தால், அவர்கள் நின்றது வளைவில். சரிவில் வளையும் பஸ்ஸை ஓட்டுநரால் அங்கே நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. நிறுத்தம் என்று குறிக்கப்பட்ட இடத்திலோ, இரு பக்கமும் நெடுந்தூரம் தெரியும் நேர்ச்சாலையிலோ நின்று, பஸ் தொலைவில் வரும்போதே கையை நீட்டுங்கள். மங்கிய வெளிச்சத்தில் விளக்கைத் தரையை நோக்கி அசைத்துக் காட்டுங்கள், ஓட்டுநர் முகத்தில் அடிக்காதீர்கள்.

கடைசி பஸ்ஸும் போய்விட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தார்கள். காட்டுச் சாலையில் இருட்டில் இறங்கி நடக்காதீர்கள். அது விலங்குகள் நடமாடும் நேரம், வளைவில் வரும் வண்டிக்கும் உங்களைத் தெரியாது. ஆள் குடியிருக்கும் இடத்துக்குப் போய், வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தகவல் சொல்லிவிட்டு அங்கேயே இருங்கள். கிளம்பும் முன்பே வீட்டில் ஒருவரிடம் பாதை, இறங்கும் நிறுத்தம், "இத்தனை மணிக்குள் என்னிடமிருந்து தகவல் வராவிட்டால் தேடச் சொல்" என்ற நேரம் மூன்றையும் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். தாமதமானாலும் பத்திரமாக இருக்கிறீர்கள் என்பதை அந்த நேரத்துக்கு முன்பே அவருக்குச் சொல்லிவிடுங்கள்.