பழைய இசைத்தட்டுகளைக் கணினிக்கு மாற்றுவது எப்படி?

பரணிலிருந்து இறங்கிய பெட்டியில் தாத்தா வாங்கிய கச்சேரி எல்.பி.க்கள் (பெரிய இசைத்தட்டுகள்) நாலு, சினிமாப் பாட்டு ஈ.பி.க்கள் (சிறிய இசைத்தட்டுகள்) பத்து, நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் கனமான பழைய 78 தட்டுகள் சில இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவின் தரம் முள் தட்டைத் தொடுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. கணினியில் செய்யும் திருத்தங்கள் கெடுப்பதுதான் அதிகம்.

என்னென்ன வேண்டும்

ஓடக்கூடிய டர்ன்டேபிள் (தட்டைச் சுழற்றும் கருவி), போனோ ப்ரீஆம்ப், அதைக் கணினியோடு இணைக்கும் யூ.எஸ்.பி. ஆடியோ பெட்டி, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். இவ்வளவுதான்.

ப்ரீஆம்ப் எதற்கு? தட்டில் ஒலியை வெட்டும்போதே தாழ்ந்த சுரங்களைக் குறைத்து, உச்ச ஒலிகளைத் தூக்கி வெட்டியிருப்பார்கள். ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற இந்த முறை 1950-களின் நடுவில் பொதுவான வழக்கமானது. ப்ரீஆம்ப் அதைத் திருப்பி நேராக்குகிறது, முள்ளிலிருந்து வரும் மிகச் சிறிய மின்சமிக்ஞையையும் பெருக்குகிறது. அது இல்லாமல் கேட்டால் பாட்டு தகரடப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். சில டர்ன்டேபிள்களில் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கும். பின்புறம் 'போனோ / லைன்' என்று சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 'லைன்' பக்கம் தள்ளிவிட்டு, தனி ப்ரீஆம்ப் வாங்கும் செலவை மிச்சப்படுத்துங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒலி உடைந்து கரகரக்கும்.

மடிக்கணினியின் மைக் துளையில் செருகிப் பதிவு செய்யலாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் ஒற்றைத் தடம், பேச்சுக்காகச் செய்தது.

தட்டைக் கழுவுதல்

நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்காத தட்டு அபூர்வம். காய்ச்சி வடித்த நீர் ஒரு லிட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு விடுங்கள். குழாய் நீர் கூடாது; அதிலுள்ள உப்பு காய்ந்து பள்ளத்தில் தங்கிவிடும். மெல்லிய மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, பள்ளங்கள் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடுவிலுள்ள காகித லேபிள் நனையக்கூடாது. பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரால் ஒருமுறை துடைத்து, நிமிர்த்தி வைத்து, மின்விசிறி இல்லாத இடத்தில் உலர விடுங்கள். மின்விசிறிக் காற்று புதிய தூசியைக் கொண்டுவந்து ஒட்டும்.

78 தட்டுகளுக்குத் தனி எச்சரிக்கை: அவற்றில் மிகப் பெரும்பாலானவை அரக்கால் ஆனவை. சாராயக் கலவை எதுவும் படக்கூடாது, அரக்கு கரைந்துவிடும். கடையில் விற்கும் 'ரெக்கார்டு கிளீனர்' பாட்டில்களில் ஆல்கஹால் இருக்கக்கூடும்; படித்துப் பார்த்து வாங்குங்கள்.

முள்ளும் வேகமும்

முள்ளின் அழுத்தம் கார்ட்ரிட்ஜுக்கு (முள் பொருத்தப்பட்ட சிறு பெட்டிக்கு) ஏற்ப மாறும். காந்த வகைக்குப் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு கிராம். கையேட்டில் சொன்னதே இறுதி. 'லேசாக இருந்தால் தட்டு தேயாது' என்று குறைத்து வைப்பது தவறு. முள் பள்ளத்தில் குதித்துக் குதித்து ஓடி அதிகம் சேதப்படுத்தும். 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள தனி முள் வேண்டும். எல்.பி. முள்ளை வைத்தால் அது பள்ளத்தின் அடியில் உரசிக்கொண்டு போகும்.

அடுத்தது வேகம். பலர் இதைச் சோதிப்பதே இல்லை. லேபிளின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டு வைத்து, கடிகாரத்தோடு எண்ணுங்கள். எல்.பி.க்கு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பதால் மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று வரவேண்டும். 106 வந்தால் பாடகரின் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை கூடிவிட்டது என்று பொருள். சினிமாப் பாட்டில் 'ஏதோ குழந்தைக் குரல் மாதிரி இருக்கிறதே' என்று தோன்றும். கச்சேரித் தட்டிலோ, தம்புராவோடு உட்கார்ந்து பழகிய காது உடனே கண்டுபிடித்துவிடும்.

பதிவு

டர்ன்டேபிளின் எர்த் கம்பியை ப்ரீஆம்பின் திருகில் இறுக்குங்கள். 'ம்ம்ம்' என்ற உறுமல் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அதன் பிறகும் இருந்தால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பதிவு ஓடும்போது ஸ்பீக்கரைச் சத்தமாக வைக்காமல் ஹெட்போனில் கேளுங்கள். தண்ணீர் மோட்டார் போடும் நேரத்தைத் தவிர்ப்பதும் நல்லது. அதன் 'டப்' பதிவில் விழுந்துவிடும்.

ஆடாசிட்டியில் 44,100 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்று வைத்து, தட்டில் மிகச் சத்தமான இடத்தை ஓடவிட்டுப் பாருங்கள். கச்சேரியில் அது பெரும்பாலும் தனி ஆவர்த்தனத்தின் முடிவு. அங்கே அளவுமானி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக்கூடாது. பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி வெட்டுப்பட்டுவிடும், பிறகு மீட்க வழியில்லை. அளவு சரியானதும் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு முள்ளை இறக்குங்கள். ஒரு பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் பதியுங்கள்.

முடிந்ததும் எதையும் தொடாமல் 24 பிட் ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் வகை) கோப்பாகச் சேமியுங்கள். இதுதான் மூலப்பிரதி. திருத்துவதெல்லாம் இதன் நகலில்.

திருத்தம்: கை அடக்கம் தேவை

'கிளிக் ரிமூவல்' வசதி, கீறலின் 'டிக்' ஒலியைத் தேடி அழிக்கும். ஆனால் மிருதங்கத்தின் சாப்பும் கடத்தின் கூர்மையான அடியும் அதன் கண்ணுக்குக் கீறலாகவே தெரியலாம். முழுப் பக்கத்துக்கும் பலமாகப் போட்டால் தாளவாத்தியம் பஞ்சு சுற்றியதுபோல் ஆகிவிடும். பெரிய கீறல்கள் இருக்கும் இடங்களை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுத்து நீக்குங்கள்.

'நாய்ஸ் ரிடக்ஷன்' இன்னும் ஆபத்தானது. இரைச்சலின் மாதிரியை நீங்கள்தான் காட்ட வேண்டும். பாட்டு தொடங்குமுன் வரும் வெற்றுப் பள்ளத்திலிருந்து ஓரிரு நொடிகளை எடுங்கள். பாடகர் ஆரம்பிக்காவிட்டாலும் தம்புரா ஒலிக்கத் தொடங்கியிருந்தால் அந்த இடத்தை மாதிரியாகக் காட்டாதீர்கள். தம்புராவையே இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு கச்சேரி முழுக்க அரித்துவிடும். குறைப்பு 6 டெசிபல் போதும். மீதிக் கரகரப்பு இருந்துவிட்டுப் போகட்டும்.

1960-களின் சினிமாத் தட்டுகளில் பெரும்பாலானவை மோனோ, அதாவது ஒற்றைத் தடம். இவற்றுக்கு மென்பொருள் வித்தைகளைவிட நல்ல வழி இருக்கிறது: இரண்டு தடங்களையும் ஒன்றாகக் கலந்துவிடுங்கள். முள் மேலும் கீழும் ஆடுவதால் எழும் இரைச்சல் இரு தடத்திலும் எதிரெதிராக இருப்பதால், கலக்கும்போது பெருமளவு தானாகவே ரத்தாகிவிடும்.

பிரித்தல், பெயரிடுதல்

ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் கன்ட்ரோல்-பி அழுத்தி லேபிள் இடுங்கள். பிறகு ஏற்றுமதியில் பல கோப்புகளாகப் பிரிக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தால் பாட்டுகள் தனித்தனியாக வந்துவிடும். செல்பேசிக்கு 320 கிலோபிட் எம்.பி.3 போதும். கச்சேரிக்கு ராகம், தாளம், பாடகரோடு பக்கவாத்தியக்காரர்களின் பெயரையும், சினிமாவுக்குப் படம், இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் பெயர்களையும் சேருங்கள். லேபிளையும் உறையின் இரு பக்கங்களையும் படமெடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள்.

இதெல்லாம் வீட்டில் கேட்பதற்கு. இந்தியாவில் ஒலிப்பதிவின் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். பாட்டுக்கும் இசைக்கும் உள்ள உரிமை தனி. ஆகவே யூடியூபில் ஏற்றுமுன் யோசியுங்கள்.

தட்டுகளைப் புதிய உறையில் போட்டு, நூலகப் புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்து அடுக்கினால் வெயில் காலத்தில் வளைந்துவிடும்.