பிரிவு அட்டவணை சிதைந்த வன்தட்டை மீட்டெடுக்கும் முறை

வன்தட்டின் பிரிவு அட்டவணை (partition table) சிதைந்தால் கோப்புகள் அழிந்துவிட்டதாகப் பொருளல்ல. ஒவ்வொரு பிரிவும் தட்டில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்பு மட்டுமே தொலைந்திருக்கிறது. ஆகவே, தட்டை ஃபார்மட் செய்யலாமா என்று விண்டோஸ் கேட்டால் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

முதலில், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற படியெடுக்கும் நிரலைக் கொண்டு தட்டு முழுவதையும் போதிய இடமுள்ள வேறொரு தட்டில் இமேஜ் கோப்பாக (தட்டின் முழு நகலைக் கொண்ட ஒரே கோப்பு) படியெடுத்து, அதன்பின் செய்யும் எல்லா வேலையையும் அந்தக் கோப்பின் மீதே செய்ய வேண்டும். அவசரத்தில் பலர் தவிர்க்கும் இந்தப் பணியே, என் கருத்தில், மற்ற அனைத்தையும்விட முக்கியமானது. படியெடுக்கும்போது தட்டு டக்டக்கென்று ஒலித்தால் உடனே மின்சாரத்தைத் துண்டித்து, தரவு மீட்பு ஆய்வகத்தை நாடுங்கள்.

பிரிவு அட்டவணையை எழுதும் பழைய முறையான எம்பிஆரில் (MBR) முதன்மை அட்டவணை தட்டின் முதல் செக்டரின் (சிறு சேமிப்புப் பகுதி) 64 பைட்டுகளில் அடங்கிவிடுகிறது. அதற்கு நகல் இல்லை. புதிய முறையான ஜிபிடியிலோ (GPT) தட்டின் இறுதியில் ஒரு நகல் இருப்பதால், ஜிடிஸ்க் (gdisk) நிரலின் மீட்புப் பட்டியலிலிருந்து முதன்மை அட்டவணையை மீண்டும் உருவாக்கலாம்.

நகல் கிடைக்காதபோது தொலைந்த பிரிவுகளைத் தேடும் டெஸ்ட்டிஸ்க் (TestDisk) நிரலில் 'அனலைஸ்', 'குயிக் சர்ச்' ஆகியவற்றை இயக்கி, தென்படும் பிரிவில் 'பி' விசையை அழுத்திக் கோப்புப் பெயர்களைச் சரிபாருங்கள். அவை ஒழுங்காகத் தெரிந்தால் மட்டுமே 'ரைட்' கொடுங்கள், இல்லையெனில் 'டீப்பர் சர்ச்' வழியாகத் தேடுங்கள். இப்படிச் சரிசெய்த இமேஜை, எதுவும் எழுதப்படாதபடி வாசிப்பு நிலையில் மட்டும் மவுண்ட் செய்து (ஒரு தட்டைப் போலத் திறந்து), கோப்புகளைப் புதிய தட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.